பூட்டுக்கடைப் புள்ளிக்குப் பின் மூண்ட போர்

ஆயிரம் கதவுகளின் அடைத்த வாயைத் திறந்தவர், அரத்தையே வாளாகவும் பறக்கும் பித்தளைத் தூளையே போர்க்களப் புழுதியாகவும் கொண்டவர், காதில் பென்சிலும் கையில் சாவிக்கொத்தும் துலங்க மேசைக்குப் பின் வீற்றிருக்கும் சாவிக்காரர் வாழ்க. அவர் கொற்றம் வாழ்க. ஒருநாள் மாலை நான்கு மணிக்கு அவர் கடைவாசலில் மூண்ட பெரும்போரைக் கேட்க வந்தவர்கள், அடிபடாத தூரத்தில் நின்று கேட்பீர்களாக.

அடுத்த தெரு வணிக வளாகத்தில், கண்ணிமைப்பதற்குள் சாவி துப்பும் இயந்திர அரக்கன் வந்திறங்கிய நாள்முதல் வாடிக்கையாளரில் பாதிப்பேர் அந்தப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். போன படையை மீட்க இணையதளம்தான் வழி என்றாள் மகள். தளம் தயார், அதன் முகவரிதான் பாக்கி. ஏணிமேல் நின்ற பெயின்டர் புதுப் பலகையில் கடைப்பெயரை எழுதிப் புள்ளியும் வைத்துவிட்டு, இனி வருவது உலகுக்கெல்லாம் பொதுவான 'காம்' என்பதா, நம் நாட்டுக்குரிய இரண்டெழுத்தா என்று தூரிகையை ஓங்கியபடி நின்றார். ஐந்து மணிக்குத் தமக்கு வேறு வேலை இருப்பதாகவும் ஓலை விடுத்தார்.

சாவிக்காரரின் மார்போ டாட் காமுக்காக விம்மியது. ஏழு கடலுக்கு அப்பால், பனி பொழியும் மாநகரிலும் மணல் பறக்கும் பாலையிலும், சாவியைத் தொலைத்துவிட்டு வாசற்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் மாந்தர் அனைவரும் தம் திருப்பெயரையே தேடித் தட்டுவதாகக் கண்டார், கண்டு சிலிர்த்தார், சிலிர்த்து முழங்கினார்: "இனிமே உலகமே நம்ம கடைதான்."

பில் புத்தகத்தைக் கேடயமாய் ஏந்தி எதிரே எழுந்தாள் அவர் மனைவி.

"ஏங்க, கடல் தாண்டி ஒருத்தன் கதவுக்கு வெளிய நின்னா, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவன் வேற வீடு பார்த்துக் குடிபோயிடுவான். பக்கத்துத் தெருக்காரன் தேடுறப்ப நாம கண்ணுல பட்டா போதாதா?"

அந்நேரம் பார்த்து, இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர், வளாகத்துப் புதுச்சாவியைச் சட்டைப்பைக்குள் அவசரமாகத் திணித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கடையைக் கடந்தார். அம்பு தைத்த யானையெனப் பெருமூச்செறிந்த நம் வீரர், தாம் இன்னும் கைப்பற்றாத உலகம் முழுவதையும் ஒரே நொடியில் துறந்தார்.

"சரி, நம்ம நாட்டையே போடு."

"அதுக்குக் கடையோட பதிவுச் சான்றிதழ் கேக்குறாங்கப்பா," என்றாள் மகள். "வாங்காத பேரை போர்டுல எழுதவும் கூடாது."

சான்றிதழோ பின்னறை இரும்பு அலமாரியில். அலமாரிச் சாவியோ போன இடம் தெரியவில்லை. அதன் பூட்டோ, எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது என்று மார்தட்டி, நம் வீரரே தம் பொற்கரத்தால் பொருத்தியது.

கம்பி வளைந்தது, அரம் அலறியது, தம்மைத் தாமே எதிர்த்துப் பொருத மாவீரரின் வியர்வை தரையில் ஆறாய் ஓட, மனைவி டார்ச் பிடிக்க, முன்னறைக் கடிகாரம் போர்முரசென ஐந்து முறை அதிர, மேலும் இருபது நிமிடம் கழித்து மலை பிளந்தாற்போல் அலமாரி வாய் திறக்க, சான்றிதழை வெற்றிக்கொடியென உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் வாசலுக்குப் பாய்ந்தார்.

பெயின்டர் புள்ளியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் கடை போன் நம்பரை எழுதிவிட்டுப் போயிருந்தார்.