பாக்டீரியாவுக்கு விருந்து வைத்த உங்கள் தங்கை

மெல்போர்னில் வாழும் மதிப்பிற்குரிய மச்சான் பண்டெலிஸ் அவர்களுக்கு,

ஸ்தாமாதிஸ் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், ஆடுகள் நலம், உங்கள் தங்கை எவாந்தியா சத்தமாக நலம். கடல்தான் நலமில்லை.

உங்கள் மகள் ஃபோதினியின் கல்யாணத்தை நம் சாப்பாட்டுக் கடை வாசலில், கால் நனைகிற தூரத்தில் மேஜை போட்டு நடத்த ஆசைப்பட்டீர்கள். அதை மறந்துவிடுங்கள். கப்பலொன்று பாறையில் மோதி, கரை முழுக்கத் தார் மாதிரிக் கறுப்பு எண்ணெய். பார்த்ததும் அழுதுவிட்டேன், சொல்வதில் என்ன வெட்கம். பிறகு ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மிர்சினி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். எண்ணெய் தின்னும் பாக்டீரியா கடலிலேயே இருக்கிறதாம், உரம் போட்டால் பெருகிக் கறுப்பையெல்லாம் தின்றுவிடுமாம். ஒரு மூலையை மிதவை கட்டிப் பிரித்து உரம் தூவினாள். "வேற எதுவும் போட்றாதீங்க. நல்ல சாப்பாடு கெடச்சா இதுங்க கறுப்பைத் திரும்பிக்கூடப் பாக்காது" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். யாரிடம் சொன்னாள்? தபால்காரரையே மூன்று தட்டு சாப்பிட வைக்காமல் அனுப்பாத உங்கள் தங்கையிடம்!

"நம்ம கரைக்கு வேலைக்கு வந்த ஜீவனுங்க, கப்பல் அழுக்கையா தின்னும்? ஊர் என்ன பேசும்?" என்றாள்.

"பாக்டீரியாவா போய் ஊர்ல சொல்லப்போகுது?"

"உங்களுக்கு மானமும் இல்ல, மரியாதையும் இல்ல" என்று ஆலிவ் எண்ணெயை டின்னோடு அந்த மூலையில் கவிழ்த்தாள். நம் தோட்டத்து எண்ணெய், மச்சான்! இதற்கு ஆஸ்திரேலிய ஆலிவ் எண்ணெயும் சளைத்ததில்லை என்று நீங்கள் போனில் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேனே, அந்த எண்ணெய். மறுநாளும் ஊற்றினாள், எலுமிச்சை பிழிந்து. அதுகள் அதைத் தின்றன, கறுப்பைத் தொடவே இல்லை. திரும்பி வந்த மிர்சினி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, என் ஆராய்ச்சியை சாலட் ஆக்கிட்டீங்களே!"

"பசியா இருக்கா, கண்ணு?" என்றாள் உங்கள் தங்கை.

ஆகவே கல்யாணத்தை ஏதென்ஸில் ஏதாவது மண்டபத்தில் வையுங்கள். கடலோடிகளின் புனித நிக்கோலாஸ் உங்கள் எல்லோரையும் காக்கட்டும், எங்கள் கரையைத்தான் கோட்டைவிட்டார்.

அன்புள்ள,
ஸ்தாமாதிஸ்

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து இது மூன்று வாரம் கல்லாப் பெட்டியில் கிடந்துவிட்டது. அதற்குள் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிட்டது. நம் ஆலிவ் எண்ணெயைத் தின்று கூட்டம் கூட்டமாகப் பெருகிய பாக்டீரியா, அது தீர்ந்ததும் கறுப்பின்மேல் பாய்ந்துவிட்டது. அந்த மூலையில் கல் தெரிகிறது, மச்சான், நண்டு நடக்கிறது! மற்ற மூலைகளுக்கும் மிர்சினியே வந்து எண்ணெய் கேட்டாள், உங்கள் தங்கை வாரி வழங்கிவிட்டாள். கல்யாணம் இங்கேதான். ஆனால் வீட்டில் சொட்டு எண்ணெய் இல்லை. வரும்போது உங்கள் ஊர் எண்ணெய் நாலு டின் கொண்டு வாருங்கள், துணிக்குள் சுற்றி, யாருக்கும் தெரியாமல். சிரிப்பதானால் அங்கேயே சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.