பொம்மைக்கும் நெஞ்சுநோய்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல் முழுக்க ஒரே பேச்சு: முள்ளுச்சாமி வந்துவிட்டார். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பயண முகவர் கடையின் பின்னறையில் அவர் அமர்ந்ததிலிருந்து தெருமுனைவரை வரிசை. பூர்வாசிரமத்தில் அவர் வாமதேவன், கைத்தொலைபேசி திருத்துகிறவர். ஞானம் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே.

வைத்தியம் எளிது. தாம்பாளத்தில் ஒரு கடல் முள்ளெலி. உருண்டை உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடற்பிராணி. நோயாளி அதன்மேல் கையை நீட்ட வேண்டும். சாமி கண்ணை மூடி மணியடித்துத் தாம்பாளத்தைத் தட்டுவார். முள் பொலபொலவென்று கொட்டும். நோய் அதற்குப் போய்விட்டதாம்.

"கடலிலை இதுகள் கூட்டங்கூட்டமாச் சாகுதெண்டு செய்தியிலை பாத்தியள்தானே? ஏன் சாகுது? உங்கட நோயை வாங்கித்தான்."

செய்தி உண்மைதான். சில கடல்களில் தொற்றுநோய் கண்டு அவை முள்ளுதிர்ந்து மடிகின்றன. காரணத்தை மட்டும் சாமி தன் வசதிக்குத் தைத்துக்கொண்டார். அத்தனை செத்தும் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் குறையவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கமலராணிக்கும் தோன்றவில்லை. அவள் கணவன் சுகந்தன், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், மாதக்கணக்காக இருமுகிறான். சளியில் இரத்தம் கண்ட பிறகும் அவனைச் சாமியிடமே இழுத்து வந்தாள். பக்கத்துச் சேலைக்கடைக்காரி மிருணாளினிக்குப் பொறுக்கவில்லை.

"ஒப்பித்தாலுக்குக் கூட்டிக்கொண்டு போவன், ராணி. டொக்டர் பாக்கட்டும்."

"முள்ளுக் கொட்டினதக்கா. என்ர கண்ணாலை பாத்தனான்."

"அப்ப என்ர ஆளுக்கும் ஒருக்காக் கொட்டட்டும். நீயும் வந்து பார்."

மறுநாள் கமலராணியும் சுகந்தனும் பார்த்திருக்க, மிருணாளினி ஒருத்தியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தாள். பட்டுச் சேலை, முகம் மறைய முக்காடு.

"பேச்சுமில்லை, மூச்சுமில்லை, சாமி. என்னண்டு பாருங்கோ."

சாமி கண்ணை மூடினார். மணி அடித்தது. முள் கொட்டியது.

"நெஞ்சிலை கிடந்த நோய் இறங்கீட்டுது. டொக்டரிட்டைப் போகாதேங்கோ."

மிருணாளினி முக்காட்டை இழுத்தாள். கடைவாசலில் சேலை உடுத்தி நிறுத்துகிற பிளாஸ்டிக் பொம்மை சபையைப் பார்த்துச் சிரித்தது.

"பொம்மைக்கு எந்தப் பக்கத்து நெஞ்சிலை சாமி நோய்?"

பிறகு பையிலிருந்து இன்னொரு முள்ளெலியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். "மீன்கடைக்காரன் பிராங்கிட்டை நீங்கள் அள்ளுறது விக்காமல் சாகக்கிடக்கிற முள்ளெலியள். அதைத் தட்டினால் கொட்டத்தான் செய்யும். இது உயிரோடை துடிக்குது. சுகந்தன்ர கையை வைச்சு இதைக் கொட்டப் பண்ணுங்கோ பாப்பம்."

சாமி மணியடித்தார், தட்டினார், வியர்த்தார். ஒரு முள்ளாவது உதிரவேண்டுமே! முள்ளெலி மெல்ல நகர்ந்து தாம்பாளத்தின் விளிம்புக்குப் போனது. சாமியும் மெல்ல நகர்ந்து பின்கதவுக்குப் போனார்.

கமலராணி வெட்கத்தில் கூசிப்போனாள். சுகந்தனின் கையைப் பிடித்து அன்றே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். காசநோய். மாத்திரையில் குணமாகிற நோய். இன்னும் பிந்தியிருந்தால் குணமாகியிருக்காது என்றார் மருத்துவர்.

முள்ளெலிகள் கூட்டமாகச் சாகின்றன. அவற்றுக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, மூளையும் இல்லை. உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. சாமியிடம் கையை நீட்டுமுன் ஒன்றையாவது பயன்படுத்துங்களேன்.