மாப்பிள்ளை ஈரத்தில் நிற்க மாட்டார்

உலகத்தில் எந்த இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிவைத்துவிடலாம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஊர் ஜாதகம் அண்ணாச்சி. தொழில், கல்யாணத் தரகு. சொந்தப் பெயர் அவருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும். எதைக் கண்டாலும் ஜாதகம் கேட்பார். அடுத்த வீட்டுக்காரர் பழைய டிராக்டர் ஒன்று வாங்கி வந்தபோது, "முந்தின வீட்ல ஏன் வச்சு வாழல்ல?" என்று கேட்டுக் கேட்டே அதைத் திருப்பி அனுப்பவைத்தவர்.

அப்படிப்பட்டவரிடம்தான் கேஸ் கம்பெனியோடு பேசும் பொறுப்பை ஊர் ஒப்படைத்தது.

சுசீந்திரத்துக்குத் தெற்கே, பெரிய குளத்தை ஒட்டிய எங்கள் வயலில் ஒருநாள் சிவப்புக் குச்சி ஒன்று நட்டிருந்தது. பூமிக்கடியில் கேஸ் இருக்கிறதா என்று துளைத்துப் பார்க்க வேண்டுமாம். இயந்திரங்கள் நிற்பதற்கு நாலைந்து ஏக்கரைச் சமப்படுத்திப் 'பேடு' போட வேண்டும். அதற்கு எங்கள் வயலும் பக்கத்து வயல்களும்தான் தோது என்றார்கள். குளம் நிறைந்து வழிகிற தண்ணீரெல்லாம் எங்கள் வயல் வழியாகத்தான் போகும். நாரையும் கொக்கும் மேய்கிற சதுப்பும் அங்கேதான். அதில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் கீழே இருக்கிற வயல் அத்தனையும் போச்சு. அப்பா போனபிறகு அம்மா தனியாளாக நின்று பயிர் வைக்கிற நிலம் அது. குச்சியைப் பார்த்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊர்க்கூட்டத்தில் வாத்தியார் மனு எழுதலாம் என்றார். இளவட்டங்கள் மறியல் என்றார்கள். ஜாதகம் அண்ணாச்சி ரெக்சின் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டு வீட்டுக்காரனுக்கு எடையில உள்ள காரியம்லா இது? நான் பேசுகேன்."

மறுநாள் கம்பெனி எஞ்சினியர் ஜீப்பை விட்டு இறங்கியதும் அண்ணாச்சியின் முதல் கேள்வி:

"சார், மாப்பிள்ளைக்கு இது முதல் தாரமா?"

எஞ்சினியர் மதுரைக்காரர், பாவம். "எந்த மாப்பிள்ளைங்க?"

"உங்க கேஸ் கெணறுதான் சார். இதுக்கு மின்ன எந்த ஊர்ல குடியிருந்தாரு? அங்க பேரு எப்படி?"

எஞ்சினியர் தெரியாத்தனமாக ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். விடுவாரா அண்ணாச்சி? 'வீடு பார்க்க' நாங்கள் நாலு பேர் பஸ் ஏறினோம். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால்தான் மாப்பிள்ளை வீட்டு லட்சணம் தெரியுமாம். அங்கே டீக்கடையில், பலசரக்குக் கடையில், கேஸ் கிணற்று வேலிக்கு இந்தப்புறம் ஆடு மேய்த்த அம்மாளிடம் எல்லாம் விசாரணை: "சத்தம் போடுவாரா? ராத்திரி ஒறங்குவாரா? அக்கம்பக்கத்துல எப்படி?" அந்த அம்மாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு அவசரமாக அந்த இடத்தைக் காலி செய்தாள்.

திரும்பி வந்து ஊரைக் கூட்டி அறிக்கை வாசித்தார். "ஆளு மோசமில்ல. ஆனா ஈரத்துல நிக்க மாட்டாரு. செம்மண்ணு அடிச்சு மேடு கட்டித்தான் நிப்பாரு. நம்ம பொண்ணு இந்த வயலுல்லா, முழுக்க ஈரம். பொருத்தம் இல்ல. வேற எடம் பாக்கணும்."

"வேற இடமே கிடையாது. கேஸ் இருக்கிறது இந்த வயலுக்குக் கீழேதான்" என்று எஞ்சினியர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அசரவில்லை. "ஞாயித்துக்கெழம இவாளுக்க வீட்ல சாப்பாடு, சார். வந்துரணும்" என்று எங்கள் வீட்டைக் கைகாட்டினார். அம்மா திகைத்துப்போனாள்.

அவருடைய தொழில் ரகசியம் அது. முக்கியமான கேள்வியைப் பாயசத்துக்கு முன்னால் கேட்கவே கூடாது. பிரதமனில் பப்படத்தைப் பொடித்து, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறவனுக்குப் பொய் சொல்லத் தெம்பு இருக்காது என்பார். எத்தனையோ மாப்பிள்ளைகளின் நிஜ வயது அப்படித்தான் வெளியே வந்திருக்கிறது.

எஞ்சினியர் பருப்பு விழும்போதே மேப்பை விரித்தார்.

"மடக்கும் சார், நெய்யி பட்டுரும்."

சாம்பாரில் மறுபடி முயன்றார். "அவியல் ஆறுகு சார்." புளிசேரிக்கு வரும்போது மனிதர் பெல்ட்டைத் தளர்த்திவிட்டார். அம்மா அடைப்பிரதமனை இலையில் ஊற்றினாள். ஒரு வாய், இரண்டு வாய். கண் சொருகியது.

அண்ணாச்சி மெல்ல ஆரம்பித்தார். "சார், இந்தத் துளை நேர கீழதான் எறங்குமா, கொஞ்சம் சரிச்சும் விடலாமா?"

"சரிச்சும் விடலாங்க. தள்ளி ஒரு மேட்டுல நின்னுக்கிட்டே இங்க வரைக்கும் எட்டலாம். செலவு கூடும், அவ்வளவுதான்..." என்றவர், இலையிலிருந்து தலையைத் தூக்கி, தான் சொன்னதைத் தானே கேட்டு விழித்தார்.

"ஏ பிள்ளே, சாருக்கு இன்னும் ரெண்டு கரண்டி விடு!" அண்ணாச்சி துள்ளிக் குதிக்காத குறை. அடுக்களையில் நின்ற பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள்.

எஞ்சினியர் நல்ல மனிதர். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. மேட்டு நிலம் கிடைத்தால் மாற்றித் தருகிறேன், ஒரு வாரம் டைம், அடுத்த திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றார். அண்ணாச்சி மேட்டு நிலக்காரர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறினார். மறியல் என்று குதித்தவன் தன் தோட்டத்தில் கடை கட்டப்போவதாகச் சொன்னான். வாத்தியாருக்குத் திடீரென்று முட்டுவலி வந்தது. எங்கள் வீட்டில் மறுபடி சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணாச்சி ரெக்சின் பையைத் திறந்து ஒரு பட்டாவை எடுத்து எஞ்சினியர் கையில் கொடுத்தார். ஊருக்குக் கிழக்கே முந்திரி காய்க்கிற கொல்லாமரங்கள் நின்ற அவருடைய சொந்த மேட்டு நிலம். அவருக்கு இருந்த ஒரே நிலமும் அதுதான்.

"அண்ணாச்சி, இது வேண்டாம்" என்று அம்மா அழுதேவிட்டாள்.

"சும்மா கெட பிள்ளே. ஊரு முழுக்க மாப்பிள்ளை பாத்துக் குடுத்தவன் வீட்ல ஒரு மாப்பிள்ளை வரப்பிடாதா?"

இயந்திரங்கள் வந்த அன்று லாரி டிரைவர்கள் தலையிலெல்லாம் பன்னீர் தெளித்தார். கிரேனுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். கொல்லாமரங்களை வெட்டியபோது மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த வருஷமும் எங்கள் வயலில் தண்ணீர் நிற்கிறது, அம்மா நாற்று நட்டிருக்கிறாள். லீவில் ஊருக்குப் போய் வரப்பில் நிற்கும்போதெல்லாம் அந்த மனிதரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கும். கூச்சத்தில் இதுவரை செய்ததில்லை. நாளைக்கு ஊருக்குப் போகிறேன், செய்துவிடுவேன்.