அவுக டீச்சரும் கல்யாண ஜெனரேட்டரும்

இயந்திரத்துக்கு மரியாதை கொடுப்பதில் அவுக டீச்சரை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. கம்பம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாறு நடத்தினேன், அவர் கம்ப்யூட்டர் நடத்தினார். மாணவர்களுக்கு 'ஏலே'. தலைமையாசிரியருக்கு வெறும் 'சார்'. லேபில் இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 'அவுக'. பெயர் வந்த கதை அதுதான்.

"சத்தம் போடாதீகலே. அவுக இன்னும் முழிக்கல" என்பார். முழித்து முடிப்பதற்குள் பாதிப் பீரியட் போய்விடும். அதில் ஒன்றுக்குத் தலையில் தட்டினால்தான் திரை தெரியும். "கோவிச்சுக்காதீக" என்று கேட்டுக்கொண்டுதான் தட்டுவார்.

தலைமையாசிரியர் ஒருநாள் லேபுக்குள் நின்று, "இதுகளத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு கேப்போம்மா" என்றார்.

"மெதுவாப் பேசுங்க சார். காதுல விழுந்தா இன்னைக்குப் பூராம் எந்திரிக்க மாட்டாக."

அன்று முழுக்க ஒன்றுகூட எந்திரிக்கவில்லை. அதன்பிறகு தலைமையாசிரியரும் லேபுக்குள் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வன்று கரண்ட் போனது. யுபிஎஸ் எப்போதோ செத்திருந்தது. வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள வரலைன்னா தேர்வு நடக்கலைன்னு எழுதிட்டுப் போயிருவேன் டீச்சர்."

பிள்ளைகள் முகம் வெளுத்தது. டீச்சர் விறுவிறுவென்று பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு நடந்தார். துணைக்கு நானும் ஓடினேன். ஜெனரேட்டர் வைத்திருந்த மைக்செட்காரன் அவரிடம் படித்தவன்.

"தாலி கட்டியாச்சாலே?"

"கட்டியாச்சு டீச்சர்."

"அப்பறம் எதுக்குலே கரண்டு?"

"பொண்ணு மாப்பிள்ள ஃபேனுக்கடியில உக்காந்திருக்காக டீச்சர்."

"ஆயுசு பூராம் சேந்துதான உக்காரப் போறாக. கொஞ்ச நேரம் வேர்க்கட்டும். வண்டியில ஏத்து."

ஜெனரேட்டர் லோடு ஆட்டோவில் பள்ளிக்கு வந்தது. பின்னாலேயே பெண்ணின் அப்பா, துண்டை உதறிக்கொண்டு வந்தார். "எவ அவ, என் மக கல்யாணத்துல கைய வச்சது?"

லேப் வாசலில் டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதீக. அவுக இப்பத்தான் முழிச்சிருக்காக."

"யாரு?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார் அவர். முதல் வரிசையில் பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக அவருடைய கடைக்குட்டி மகன் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அக்காள் கழுத்தில் தாலி ஏறியதும் தேர்வுக்கு ஓடி வந்திருக்கிறான்.

மனிதர் துண்டைத் தோளில் போட்டார். பிறகு ரகசியமாகக் கேட்டார்: "பாஸ் பண்ணிருவானா டீச்சர்?"

"பண்ணிருவான். நீங்க போயிப் பந்தியக் கவனிங்க."

தேர்வு முடிந்தபோது தேர்வாளர் உட்பட எல்லோருக்கும் மண்டபத்திலிருந்து பாயசம் வந்தது. பையன் பாஸானான். அத்தனை பேருமே பாஸ்.

அடுத்த ஆண்டு டீச்சருக்கு அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தேனி பழனிசெட்டிபட்டிப் பக்கம் மாறுதல் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் தொங்கும் பாடு தீர்ந்தது என்று பள்ளியே சந்தோஷப்பட்டது. நானும் சிரித்த முகத்தோடு கைகொடுத்து வாழ்த்தினேன். அந்த உத்தரவு எப்படியாவது ரத்தாகிவிடாதா என்று, அவர் கிளம்பும் நாள் வரைக்கும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.