சந்தனம் பூசிய உளி

உளியின் நுனி உடைந்து தகரப் பால்பேணிக்குள் விழுந்தபோது சின்னச் சத்தந்தான் கேட்டது. கீர்த்தனிக்குத் துறைமுகத்தில் கப்பல் ஊதியது போலிருந்தது.

பூசைப் பாயசத்துக்குப் பேணி திறக்க வேண்டும். பேணி வெட்டியைக் காணவில்லை. ஆயுத பூசைக்காக மாமனார் அருளம்பலம் சாமியறையில் பரப்பி வைத்திருந்த தச்சு ஆயுதங்களில் மிகத் தடித்ததாகப் பார்த்து எடுத்தாள். கதவு நிலைகளில் சதுரத் துளை வெட்டுகிற உளி. தடித்த இரும்பு வளையாது என்று விஞ்ஞானம் படித்த மூளை சொன்னது. வளையவில்லைதான். உடைந்துவிட்டது.

"பூசை முடியுமட்டும் ஒருத்தரும் ஒண்டையும் தொடப்படாது. எங்களுக்குச் சோறு போடுற அம்மாளாச்சி இது" என்று காலையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் மாமா கோயிலுக்குப் போயிருந்தார்.

குசினி வாசலில் மாமி புஸ்பராணியின் குரல் கேட்டது. கீர்த்தனி உளியைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தாள்.

"பிள்ளை, அதென்ன டொக்கு டொக்கெண்டு சத்தம்?"

"பக்கத்து வீட்டில மாமி."

"ஓம், பஹ்மியா வீட்டுப் பின்வளவில விடியத் தொடங்கினது. அவைக்குப் பூசை இல்லைத்தானே" என்று மாமி நகர்ந்தார். "கம்பசில படிச்ச மருமகள்" என்று ஓர்ஸ் ஹில் முழுக்கச் சொல்லித் திரிகிற மாமி. கீர்த்தனியின் காது சுட்டது.

பாலை வடித்து ஊற்றிவிட்டு, உளியை அம்மியில் தீட்டினாள். முனை வாழைப்பழ நுனி போல மழுங்கியது. இரும்பைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் உறுதியாகும் என்பது நினைவு வந்தது. அடுப்பில் பிடித்தாள். இரும்பு சிவக்கும்போதே கைப்பிடி பற்றிக்கொண்டது.

"என்ன பிள்ளை தீயுது?"

"பாயசம் மாமி."

"பாயசம் இன்னும் வைக்கவேயில்லையே!"

"அதுதான் மாமி... சட்டி."

தண்ணீரில் போட்டதும் சீறியது. பிறகு மெல்லிய வெடிப்பொன்று நெடுகிலும் ஓடியது. இனி அது பேணி திறக்கவும் உதவாது.

மத்தியானம் வந்த மாமா குளித்துச் சாப்பிட்டுப் படுத்தார். கீர்த்தனி வேலியடிக்கு ஓடினாள். பஹ்மியாவின் கணவர் மரம் அரிந்து விற்கிற மரக்காலை வைத்திருப்பவர்.

"அக்கா, சதுரத் துளை வெட்டுற உளி ஒண்டு இருக்கோ? நாளைக்குத் தந்திடுவன்."

பஹ்மியா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இரிக்கி புள்ள. ஆனா அது வேறாள்ட. விடியவே அந்த மனிசன் தேடி வருவார்."

"விடியமுன்னமே தாறன் அக்கா."

வாங்கி வந்த உளியின் கைப்பிடி சற்றுப் புதிதாக இருந்தது. சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, பழைய உளி இருந்த இடத்தில் கிடத்திப் பூவால் மூடினாள். எல்லா உளிகளும் ஒன்று போலத்தானே இருக்கின்றன.

மாலை பூசை. மாமா கற்பூரத் தட்டை ஏந்தி, ஆயுதங்களுக்கு நேரே வந்தார். ஒரு பூ சரிந்து விழுந்தது. மாமாவின் கை நின்றது. குனிந்து பார்த்தார்.

"என்னப்பா?" என்றார் மாமி.

மாமா தட்டை வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அம்மாளாச்சி! பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளு!" என்று எழும்பியிருந்து கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்.

கீர்த்தனி சுவரோடு ஒட்டினாள். என்ன பிழை? இந்த மருமகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். கண்டுபிடித்துவிட்டார். எல்லாருக்கும் முன் கேட்காமல், பாவத்தைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"மாமா, நான்..." என்றாள்.

"நீ ஒண்டும் கேக்காதை பிள்ளை" என்றார் மாமா, தலை நிமிராமலே. "எனக்கு முகம் காட்ட ஏலாமக் கிடக்கு."

கீர்த்தனி பஹ்மியாவுக்கென்று வைத்த கடலைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்கு ஓடினாள். கண்ணீர் முட்டியது.

"அக்கா, மாமாவுக்கு விளங்கிட்டுது. உளிய இப்பவே எடுத்துத் தாறன். ஆரின்ர உளியெண்டு சொல்லுங்கோ, நானே போய் மன்னிப்புக் கேக்கிறன்."

பஹ்மியா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"உங்கட மாமாடதான் புள்ள, வீட்டில பூசைக்குப் பழசொண்ட வச்சிட்டு, கோயிலுக்குப் போறனெண்டு வந்து மத்தியானம் மட்டும் எங்கட பின்வளவுக்க இருந்து நிலைக்குத் துளை வெட்டினாரே!"