நூற்றிருபத்தெட்டு ஜி.பி.யும் இருநூற்று நாற்பது கோழிச் சீட்டும்

ஊருக்கு ஒருவர் இருப்பார். லீமாவில் எங்கள் கோமாஸ் பகுதியில் மட்டும் தெருவுக்கு ஒருவர். 'உங்க கம்ப்யூட்டர் பத்தாது' என்பவர். இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். மேசைக்கடியில் குனிந்து பெட்டியைப் பார்ப்பார். "எவ்ளோ ரேம்?" என்பார். எட்டு ஜி.பி. என்று சொன்னால், வீட்டில் யாரோ தவறிவிட்டதுபோல உச்சுக்கொட்டுவார். பதினாறு என்றாலும் அதே உச்சுதான்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தோன் எதில்பெர்த்தோ. 'ஐயா'வுக்கு எங்களூரில் 'தோன்', 'அம்மா'வுக்குத் 'தோன்யா'. வீட்டுக் கம்ப்யூட்டர் வேறு, சர்வர் ஒர்க்ஸ்டேஷன் வேறு என்பதைப் பிறந்தநாள் விருந்தில், பேருந்து வரிசையில், ஒருமுறை பூசை நடுவே பாதிரியார் மூச்சுவிட்ட இடைவெளியில்கூட விளக்கியிருக்கிறார். அதற்கு இரண்டு மூளை, அதன் நினைவகம் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும், வருடக்கணக்கில் அணையாமல் ஓடும். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்பவர் வீட்டில் அதற்கு என்ன வேலை? அதை மட்டும் அவர் விசாரித்ததே இல்லை.

அப்படி மாட்டியவர் தோன்யா செனைடா. கணவரின் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக வரும் ஞாயிற்றுக்கிழமை பொயாதா வைப்பதாக இருந்தார். கோழியை மசாலாவில் ஊறவைத்துப் பொரித்து, காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களுக்குத் தட்டுத் தட்டாகப் போடுவது எங்கள் வழக்கம். சீட்டு முன்கூட்டியே கைமாறாவிட்டால் தின்ன ஆள் வராது. ஆள் வராவிட்டால் ஆஸ்பத்திரிக் கட்டில் கிடையாது. அறுபது கோழிக்குச் சொல்லியாயிற்று. சீட்டு அச்சடிப்பதுதான் பாக்கி.

"இருநூத்தி நாப்பது சீட்டா? இந்தப் பொட்டி தாங்காது தோன்யா," என்றார் எதில்பெர்த்தோ. "ஒரு பேங்க்ல கழிச்சுப் போட்ட சர்வர் எங்கிட்ட இருக்கு. நூத்தியிருபத்தெட்டு ஜி.பி.! சும்மாவே எடுத்துக்குங்க."

பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், உதிரிக்கு ஆகுமென்று அன்றே பிரித்துப் போட்டுவிட்டார்.

புதியது வந்தது. பொத்தானை அமுக்கியதும் ஆறு நிமிடம் தன் நினைவகத்தைத் தானே எண்ணிப் பார்த்தது. விசிறி போட்ட கூச்சலில் நாய் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. பிறகு அந்த மகாமேதை, செனைடாவின் பிரிண்டரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டது.

"சர்வருக்கு வீட்டு பிரிண்டரெல்லாம் தெரியாது தோன்யா. அதோட தரம் அப்படி."

"தரம் கிடக்கட்டும். சீட்டு எங்க?"

"ஒரு சின்ன செட்டிங்தான்..."

மூன்று நாள் கழித்தும் அது சின்ன செட்டிங்காகவே இருந்தது. எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. செனைடா கத்தவில்லை, கடைக்குப் போய் அட்டை வாங்கிவந்தார். நாங்கள் நாலு பேர் அவர் சமையலறையில் உட்கார்ந்து சீட்டுகளைக் கையாலேயே எழுதினோம். எதில்பெர்த்தோ எட்டிப் பார்த்தார்.

"நாலே பேரா? பதினாறு பேர் ஒரே நேரத்துல எழுதினா..."

செனைடா ஒரு பேனாவை நீட்டினார். "அஞ்சாவது ஆளு நீங்க. உக்காருங்க. வாயை மட்டும் மூடிக்கங்க."

உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது சீட்டு எழுதினார். அதில் இரண்டில் சனிக்கிழமை என்று இருந்தது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடைசித் துண்டுக் கோழியும் தீர்ந்தது, கட்டிலுக்கான பணமும் சேர்ந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'அந்த பிரிண்டருக்கு இதைச் செய்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்குமே' என்று நடுவில் ஒருமுறை உங்கள் நாக்கு துறுதுறுத்ததா, இல்லையா? துறுதுறுத்திருந்தால், தயவுசெய்து எங்கள் தெருவில் வீடு தேடாதீர்கள். எங்களுக்கு ஒருவரே தாங்கவில்லை.