கோதுமை வயலில் எட்டுச் சதுரம்

"'ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்'னு ஒரு வரி எழுதியிருந்தேனே, அது எங்கேம்மா போச்சு?" என்று பூதக்கண்ணாடி அலறினார்.

டைப் அடிக்கும் அம்மாள் நிமிரவே இல்லை. "பக்கம் முடிஞ்சு போச்சு சார். அந்த ஒரு வரிக்காக இன்னொரு தாளா? விட்டுட்டேன்."

பூதக்கண்ணாடி என்பது ஆபீஸ் வைத்த பெயர். தொல்லியல் துறையில், விமானத்திலிருந்து எடுத்த படங்களை லென்ஸ் வைத்துத் துழாவுவது அவர் வேலை. மண்ணுக்கடியில் பழைய சுவர் இருந்தால் மேலே பயிர் மஞ்சளடிக்கும். பழைய பள்ளம் இருந்தால் அதில் ஈரம் தங்கி, கோடையிலும் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். தரையில் நின்று பார்ப்பவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. வானத்திலிருந்து பார்த்தால் கோடு கோடாகத் தெரியும்.

அப்படித்தான் ஒரு கோதுமை வயலில் எட்டுப் பச்சைச் சதுரங்கள் அகப்பட்டன. இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு, அளவெடுத்துத் தைத்த மாதிரி. இந்த மாதத்துக்குள் எதையாவது காட்டாவிட்டால் படப்பிரிவை மூடிவிட்டு அவரை நிலவறைக் கிடங்குக்கு அனுப்பப்போவதாக இயக்குநர் மிரட்டியிருந்தார். பானை ஓட்டுக்கெல்லாம் நம்பர் எழுதுகிற வேலை. பாவம், தூசி என்று காதில் விழுந்தாலே தும்முகிற மனுஷன்! 'இங்கே பழைய கட்டடம் இருக்கலாம்' என்று அவசர அவசரமாக அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அறிக்கையைத் திருத்த இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், அது கட்டடம் இல்ல. சுவரா இருந்தா மஞ்சளா இருக்கும். இது பச்சை. வெறும் பள்ளமாத்தான் இருக்கணும்."

இயக்குநரின் வழுக்கைத் தலை மின்னியது. "பள்ளமா? அகழின்னு சொல்லுய்யா!"

"அகழி இல்ல சார், சின்னச் சின்னதா எட்டு..."

"எட்டு அகழியா! ஒரு கோட்டைக்கு எட்டு அகழின்னா உள்ள எவ்வளவு பெரிய ஆள் இருந்திருக்கணும்!" என்று சொல்லிக்கொண்டே அவர் பத்திரிகைக்காரர்களுக்கு போனைப் போட்டார்.

மறுநாள் பேப்பரில் 'எட்டு அகழிக் கோட்டை' என்று கொட்டை எழுத்தில் வந்தது. கீழே இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்த ராஜா பேரு என்னன்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க" என்றாள் பூதக்கண்ணாடியின் மனைவி. "நான் விட்டுக்குடுப்பேனா? அவருக்குத் தெரியும், இப்ப சொல்லக்கூடாதுன்னுட்டேன்."

"கெடுத்தியே குடியை!"

இயக்குநர் வயலைத் தோண்டக் கிளம்புமுன் தடுக்க, அவருக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. விளைந்து நிற்கிற வயலைத் தோண்ட எந்த நிலத்துக்காரர் சம்மதிப்பார்? அவரே பஸ் பிடித்துப் போய், அந்த நிலத்துக்கார அம்மாளைக் கண்டுபிடித்தார்.

"அம்மா, தோண்டினா பயிரெல்லாம் நாசமாயிடும். நீங்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரும் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது."

"தோண்டப் போறீங்களா?" அம்மாளுக்கு வாயெல்லாம் பல். "தாராளமா தோண்டுங்க தம்பி! பேனா வச்சிருக்கீங்களா?"

அவர் பையிலிருந்த சம்மதத் தாளை வாங்கி, கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். கேட்காத இடத்திலும் இரண்டு போட்டார்.

"ஆழமாத் தோண்டுவீங்கல்ல?"

பூதக்கண்ணாடி பேனாவைக்கூடத் திரும்ப வாங்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

தோண்டும் நாளன்று இரண்டு வேன் நிறையப் பத்திரிகைக்காரர்கள் வந்திறங்கினார்கள். மண் பொலபொலவென்று வந்தது. "பாத்தியா, கோட்டை நம்மளை வா வான்னு கூப்பிடுது!" என்று இயக்குநர் குதித்தார். இடுப்பளவு ஆழத்தில் சமதளமாக ஒரு தரை வந்தது. நாலு பக்கமும் கத்தியால் வெட்டினதுபோல நேராக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டாவது சதுரமும் அப்படியே. எட்டாவதையும் தோண்டி முடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு உடைந்த ஓட்டுத்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

"கோட்டை எங்க சார்?" என்றார் ஒரு நிருபர், நோட்டை மூடாமல்.

இயக்குநர் திரும்பினார். "எல்லாம் இந்த ஆளால வந்த வினை! இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் ஒரு வெறுங்குழி வெட்டினது கிடையாது, தெரியுமாய்யா? எழுதிக்கோங்க எல்லாரும்! யோவ், நாளைக்குக் காலையில நீ கிடங்குல போய் உட்காரு. படப்பிரிவுக்குப் பூட்டு!"

நிருபர்கள் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்கள்.  பூதக்கண்ணாடிக்கு அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு தும்மல் வந்தது. வீட்டில் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

எல்லாருக்கும் டீ எடுத்து வந்த நிலத்துக்கார அம்மாள், இயக்குநரின் சத்தத்தைக் கேட்டுச் சட்டென்று நின்றார். கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அட, சார், நீங்களா! குரலைக் கேட்டதுமே நெனச்சேன். அப்ப இந்த ரோடும் கிடையாது, இந்த வழுக்கையும் கிடையாது, அதான் ரெண்டு பேருக்கும் அடையாளம் தெரியல."

"யாரும்மா நீங்க?" இயக்குநரின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க! வேலைக்குப் புதுசா வந்தப்ப இதே எட்டுக் குழியையும் வெட்டிப் பாத்து, ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே மூடிட்டுப் போனீங்க? அன்னையிலேருந்து அங்க மட்டும் வெளச்சல் அமோகம், அதான் திரும்பவும் வெட்டட்டும்னு கையெழுத்துப் போட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மான்னு கேட்டுக்கிட்டீங்களே, இன்னிக்கு வரைக்கும் நான் வாயே திறக்கலயே சார்!"